அந்த எட்டுப் பவுன்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 49 வயது. கடலூர் முதுநகர். 2010-இல் தங்கச்சி வீட்டுக்காரர் துபாய்க்குப் போனபோது, அவள் தன் எட்டுப் பவுன் நகையை என்னிடம் கொடுத்துவைத்தாள். அந்தச் சமயத்தில் எனக்குக் குடிப்பழக்கம் வந்துவிட்டது. நகை அடகுக்குப் போனது. வட்டி ஏறி மூழ்கியும் போனது.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்த எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. "தோப்பு போச்சு, கடன்காரன் கழுத்தை நெரிச்சான், உன் நகையை வித்துட்டேன்" என்றேன். "மரம் போனா போகட்டும்ணா, நீ இருக்கியே" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் பாவமன்னிப்புத் தந்து, தங்கச்சியிடமும் பேசச் சொன்னார். பேசவில்லை. "ஆண்டவரே மன்னிச்சாச்சு, பழசை ஏன் கிளறணும்?" என்கிறாள் மனைவி. ஆவணியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரோடு எட்டுப் பவுன் போட்டுக் கணக்கை நேர்செய்துவிடலாமா? தூக்கமே இல்லை.

---

அன்புச் சகோதரருக்கு,

தங்கச்சியிடம் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே.

"பழக்கம் வந்துவிட்டது", "நகை அடகுக்குப் போனது", "மூழ்கியும் போனது" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் உங்களைக் காணோம். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும், நீர் தந்த பெண்தான் கொடுத்தாள் என்றுதான் ஆரம்பித்தான். திருப்பலியில் நெஞ்சில் தட்டி "என் பாவமே, என் பாவமே" என்கிறோமே, அந்த "என்" தங்கச்சி முன்னாலும் உங்கள் வாயில் வர வேண்டும்.

கடவுள் மன்னித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன பொய் அவளிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போ என்று இயேசு சொன்னது (மத்தேயு 5) இதற்காகத்தான். உங்கள் தூக்கமின்மையை நான் முதலில் நோயாகப் பார்க்கவில்லை. செய்யாமல் விட்ட ஒரு வேலை உங்களை எழுப்புகிறது.

சீர் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சபையில் அந்த நகையைத் தட்டில் வைத்தால் ஊரே உங்களை மெச்சும், தங்கச்சி கண் கலங்கி உங்கள் கையைப் பிடிப்பாள். அவள் பொருளைக் கொடுத்தே அவளிடம் நன்றி வாங்குவீர்கள். அது இரண்டாவது திருட்டு. பைபிளில் வரும் வரி வசூல்காரன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றபோது (லூக்கா 19), ஏமாற்றியதையும் சேர்த்தே எல்லார் முன்னும் சொன்னான். சீர் வேறு, கடன் வேறு. கையில் எவ்வளவு சேர்கிறதோ அதை முதலில் தனியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். மீதிக்குத் தவணை சொல்லுங்கள்.

மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தங்கச்சி தனியாக இருக்கும்போது, "உன் நகையைக் குடிக்கிறதுக்காக நான்தான் அடகு வெச்சேன். புயல்னு சொன்னது பொய்" என்று சொல்லி நிறுத்துங்கள். சிநேகிதர்கள்தான் கெடுத்தார்கள் என்று யாரையும் இழுக்க வேண்டாம். அப்போதே மன்னிப்பு வேண்டும் என்று அவளை நெருக்கவும் வேண்டாம். அவள் கத்தலாம், வீட்டுக்காரரிடம் சொல்லலாம், பல மாதம் பேசாமலும் இருக்கலாம். அதெல்லாம் அவள் உரிமை.

அன்றைக்கு இரவு குடிக்கத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். சொன்ன பிறகும் தூக்கம் வராவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் எழுதுங்கள்.