எண் வந்தால் ஃபார் போகும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மை ஹவுஸ் இஸ் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஃபார் ஃப்ரம் தி ஸ்கூல்' என்று எழுதினேன். ஃபார் (எஃப்-ஏ-ஆர்) கூடாது, 'அவே' போடு என்று திருத்தினார்கள். 'எ ஃபார் வில்லேஜ்' என்பதையும் அடித்துவிட்டார்கள். ஃபார் என்றால் தூரம்தானே?

வாசகர் ஒருவர்

அன்புள்ள வாசகருக்கு,

திருத்தியது சரிதான். குழப்பம் நம் 'தூரம்' என்ற சொல்லில் இருக்கிறது. 'அஞ்சு கிலோமீட்டர் தூரம்' என்றால் அது அளவு. 'அம்மாடி, தூரம்!' என்றால் அபிப்பிராயம். நமக்கு ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. ஃபார் அப்படியல்ல, அது அபிப்பிராயத்தோடு நின்றுகொள்ளும். எண்ணைச் சொல்லிவிட்டால் அவே. பின்னால் ஃப்ரம் வந்தால் அந்த அவேயும் தேவையில்லை: 'ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் தி ஸ்கூல்' போதும்.

லாங், டீப், ஓல்ட் எல்லாம் முன்னால் எண்ணை ஏற்கும்; 'டென் ஃபீட் டீப்' சரி. அந்தப் பழக்கத்தில்தான் ஃபாரிலும் சறுக்குகிறோம். போதாததற்குக் கேள்வி வேறு 'ஹவ் ஃபார்?' என்று வருகிறது. கேள்வியில் இருக்கிறதே என்று பதிலுக்கு இழுத்து வரக்கூடாது.

எண் இல்லாத இடத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'இஸ் இட் ஃபார்?', 'இட் இஸ்ன்ட் ஃபார்' இரண்டும் இயல்பு. ஆனால் தூரம்தான் என்று ஒப்புக்கொள்ளும்போது பேச்சில் 'இட்ஸ் எ லாங் வே' என்பார்கள். வெறும் 'இட் இஸ் ஃபார்' காதில் இடறும். டூ, ஸோ சேர்ந்தால் பிரச்சினை இல்லை: 'இட்ஸ் டூ ஃபார்'.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஃபார் பெரும்பாலும் வேறு ஆள். இரண்டில் எது அப்பால் இருக்கிறதோ அதைக் காட்டும். 'தி ஃபார் பேங்க்' என்றால் அக்கரை. தாண்டிக் குதிக்கக்கூடிய வாய்க்காலாக இருந்தாலும் அக்கரை அக்கரைதான். 'தி ஃபார் எண்ட் ஆஃப் தி டேபிள்' என்றால் மேசையின் அந்த முனை. கை நீட்டினால் எட்டலாம். கவிதையில் 'ஃபார் லேண்ட்ஸ்' வரும், விண்ணப்பத்தில் வேண்டாம்.

உங்கள் கிராமத்துக்கு டிஸ்டன்ட் அல்லது ரிமோட். டிஸ்டன்ட் இடைவெளியை மட்டும் சொல்லும். ரிமோட் என்றால் போய்ச் சேருவதே பாடு என்று பொருள். நகரத்திலிருந்து பதினைந்தே கிலோமீட்டர்தான், ஆனால் சாலையும் பஸ்ஸும் கிடையாது என்றால் அது ரிமோட். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ரயில் நிற்கும் ஊர் டிஸ்டன்ட், ரிமோட் அல்ல.

தூரத்துச் சொந்தத்துக்கும் 'டிஸ்டன்ட் ரிலேட்டிவ்' தான். ஆனால் 'ஹி வாஸ் டிஸ்டன்ட்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஆகிவிடும்.