ஏழைக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு அடிக்கடி வருவதற்குத் தாய்மார்களின் அறியாமைதான் காரணமா?

இல்லை என்பதே என் பதில். வடசென்னையில் ஒரு குடிசைப் பகுதியில் சில ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியிருக்கிறேன். கை கழுவ வேண்டும் என்பதை அறியாத தாய் ஒருவரையும் அங்கே நான் பார்த்ததில்லை. முதல் ஆண்டில் கை கழுவும் படம் போட்ட அட்டைகளோடு வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தவள்தான் நானும். ஒரு பெண் தன் வீட்டுக் குடங்களைக் காட்டி, "இதுல எந்தக் குடத்துத் தண்ணியில கழுவட்டும், நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்ட பிறகு அட்டைகளை எடுத்துப்போகக் கூச்சமாகிவிட்டது.

அந்த வீட்டில் ஐந்து பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும் தண்ணீரில் எட்டுக் குடம் பிடிப்பார்கள். குடத்துக்குப் 15 லிட்டர் என்று வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர்தான் வருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் அளவோ 135 லிட்டர். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல்கள் வழியே சாக்கடை நீர் உள்ளே கசியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முதல் குடத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த குடத்தை வைப்பார்கள். ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே நோய் வந்துவிடும் என்பதால், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சொம்புத் தண்ணீரில் அவசரமாக நனைத்துக்கொள்வது போதவே போதாது.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை என்ற கிருமியின் வகைகளோ பொதுவாக லட்சக்கணக்கில் உள்ளே போனால்தான் நோய் வரும். அந்த எண்ணிக்கைக்கு வழி செய்வது தாயின் வேலை நேரம். காலை ஆறு மணிக்குக் குழைய வடித்த பருப்புச் சோற்றை மூடி வைத்துவிட்டு அவர் கட்டட வேலைக்குப் போய்விடுவார். பிற்பகலில் அதை ஊட்டுவது எட்டு வயது அக்கா. சென்னை வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமிக்கு அந்த இடைவெளி தாராளம். பேறுகால விடுப்பு இல்லாத வேலை என்பதால் தாய்ப்பாலும் சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

மலத்தில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மற்ற வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதையெல்லாம் அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் பகலில் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், பலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது இரவு எட்டு மணிக்கு மேல்தான்.