வீடியோ கேம்கள் இளைஞர்களுக்கு வணிக அறம் பற்றி என்ன கற்றுத்தருகின்றன?

கேமின் கதையைவிட அதற்குள் இருக்கும் கடைதான் அதிகம் கற்றுத்தருகிறது. பெரும்பாலும் தவறான பாடத்தை.

ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில், அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒரே பட்டனை அழுத்தினாலே பணம் போனது, லோடாகும் திரையில் அழுத்தினாலும் போனது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அப்படிப் போன பணத்தைக் கார்டு நிறுவனம் மூலம் திரும்பக் கேட்டவர்களின் கணக்கு, ஏற்கெனவே வாங்கிய பொருள்களோடு முடக்கப்பட்டதாம். நியாயம் கேட்டால் தண்டனை என்று ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதுதான் இதில் மிகக் கொடுமை.

அடுத்து, லூட் பாக்ஸ்: உள்ளே என்ன பொருள் வரும் என்று தெரியாமலே கேமுக்குள் திறக்கும் பெட்டி. 1% வாய்ப்புள்ள பொருள் 100 பெட்டியில் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். 0.99-ஐ 100 முறை பெருக்கிப் பாருங்கள்: நூறும் திறந்து வெறுங்கையோடு நிற்க ஏறத்தாழ 37% வாய்ப்பு. பெல்ஜியம் 2018-இல் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

பிள்ளைகளிடம் விலையைக் கேமுக்குள் புழங்கும் காயினில் அல்ல, ரூபாயில் எழுதச் சொல்லுங்கள். வாங்க எத்தனை அழுத்தல், பணத்தைத் திரும்பப் பெற எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள்.