இரண்டு குழந்தைக்கும் ஒரே ஸ்ட்ரோலர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. அடுத்த குழந்தை இன்னும் ஆறு வாரத்தில் பிறந்துவிடும். இருவரையும் ஒன்றாக வெளியே கூட்டிப்போக டபுள் ஸ்ட்ரோலர் வாங்க நினைக்கிறோம். இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் உள்ள வண்டியையும் பார்த்தோம், ஒன்றன்பின் ஒன்றாக உள்ள வண்டியையும் பார்த்தோம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் இருந்து தொடங்குங்கள். நிலைக்கு நிலை அளந்தால் போதாது. கதவைத் திறந்து வைத்து, அதன் விளிம்புக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். கதவுப் பலகையின் கனமே மூன்று, நான்கு சென்டிமீட்டரைச் சாப்பிட்டுவிடும். கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். அப்படியே லிஃப்ட்டின் கதவு, லிஃப்ட்டின் உள் ஆழம், கார் இருந்தால் அதன் டிக்கி, அடிக்கடி போகும் இடங்களின் வாசல் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பக்கம் இருக்கை உள்ள வண்டிகள் பெரும்பாலும் 70 முதல் 78 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சக்கர நாற்காலி போகும்படி கட்டிய வாசல்கள் பொதுவாக 80 சென்டிமீட்டருக்குக் குறையாது என்பதால் அந்த மாதிரி இடங்களில் சிக்கல் இல்லை. சிக்கல் வீடுகளில்தான். இடைவெளி 76, வண்டி 75 என்றால் கணக்குப்படி நுழைந்துவிடும். ஆனால் சற்றுக் கோணலாக வந்தாலே நிலையில் இடிக்கும். ஒரு கையில் சாவியும் தோளில் பையுமாகத் தினமும் நான்கு முறை அப்படி இடித்துப் பார்த்தால்தான் அந்த ஒரு சென்டிமீட்டரின் அருமை தெரியும். மூன்று, நான்கு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கட்டும்.

வாசல் இடம் கொடுத்தால், உங்களுக்கு நான் சொல்வது பக்கத்துப் பக்க வண்டிதான். காரணம் உங்கள் மூத்தவன். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், காலை ஆட்ட வேண்டும். முன்பின் வண்டிகள் பலவற்றில் பின் இருக்கை தாழ்வாக, முன் இருக்கையின் முதுகுக்கு அடியில் போய் ஒடுங்கியிருக்கும். அங்கே உட்கார்ந்தால் அவனுக்குத் தெரிவது எதிரில் இருக்கும் துணி மட்டும்தான். பத்து நிமிடத்தில் இறங்கணும் என்று அழ ஆரம்பிப்பான். அவனை முன்னால் வைத்தால் வேறொரு சிரமம் வரும். முன் இருக்கை கைப்பிடியில் இருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்கும்போது அவன் எடை முழுவதையும் உங்கள் மணிக்கட்டு தூக்க வேண்டியிருக்கும். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எங்களிடம் இருந்தது முன்பின் வண்டிதான். ஒவ்வொரு விளிம்பிலும் நான் நின்று, கைப்பிடியை அழுத்தி, பின் அச்சில் காலை வைத்து மிதித்துத்தான் ஏற்றுவேன். பிரசவம் முடிந்த சில வாரங்களில் அந்த வேலை உடம்புக்கு நல்லதில்லை.

பக்கத்துப் பக்க வண்டியிலும் குறை உண்டு. இரண்டு வயதுக் குழந்தை ஏறக்குறைய 12 கிலோ இருக்கும். பிறந்த குழந்தை மூன்று, மூன்றரை கிலோ. இரண்டையும் அருகருகே வைத்தால் எட்டு, ஒன்பது கிலோ வித்தியாசம். நேராகத் தள்ளினாலும் வண்டி கனமான பக்கமாகவே சாயப் பார்க்கும், ஒரு கையால் தள்ளும்போது இது நன்றாகவே தெரியும். சின்னது ஆறு மாதத்தில் ஏழெட்டு கிலோவுக்கு வந்துவிடும் என்பதால் இந்த இழுப்பு நாளாக நாளாகக் குறைந்துவிடும். இன்னொன்று, மூத்தவனின் கை தம்பி தங்கை முகத்துக்கு எட்டும். கையில் இருக்கும் பொம்மையை அன்பாகத்தான் நீட்டுவான், அது குழந்தையின் கண்ணில் போய்ப் படும். இரண்டு இருக்கைக்கும் தனித்தனிக் கூரை, நடுவில் துணித் தடுப்பு இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக, விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தை மட்டமாகப் படுக்க வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழாய் மடங்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 1888, உட்காரும் பகுதிக்கும் முதுகுப்பகுதிக்கும் நடுவில் உள்ள கோணம் 150 டிகிரியாவது விரியாத இருக்கையை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதாகக் கருதுவதில்லை. அதனால் ‘இது பிறந்த குழந்தைக்குச் சரிவருமா’ என்று மட்டும் கேட்காதீர்கள், சரி என்றுதான் பதில் வரும். ‘இதில் எந்த இருக்கை முழுக்கப் படுக்கும்? அதைப் படுக்க வைத்த பிறகு மற்ற இருக்கையில் கால் நீட்ட இடம் இருக்குமா?’ என்று கேளுங்கள். முன்பின் வண்டிகளில் பெரும்பாலும் ஓர் இருக்கைதான் மட்டமாகும். சில வண்டிகளில் அதைப் படுக்க வைத்தால் அடுத்த இருக்கையில் ஆளே உட்கார முடியாது.

கடையில் வெறும் வண்டியை உருட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பளபளக்கும் தரையில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும். 12 லிட்டர் தண்ணீர் என்றால் 12 கிலோ. பாட்டில்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் ஓர் இருக்கையில் வையுங்கள், இன்னொன்றில் நான்கு லிட்டர். ஒரு கையால் தள்ளி, ஒரு வட்டம் திருப்பி, ஒரு படி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம் பாட்டில்களை எடுத்துவிட்டு, தோளில் ஒரு பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மடக்கிப் பாருங்கள். இரண்டு கை, ஒரு முழங்கால், ஒரு பெருமூச்சு இத்தனையும் வேண்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். மடக்கியதைத் தூக்கியும் பாருங்கள். டபுள் வண்டிகள் பல 12 முதல் 16 கிலோ வரை இருக்கும், மாடிப்படி உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாசல் இடம் கொடுக்கவே இல்லையா? அப்போது சிங்கிளாகவும் டபுளாகவும் மாற்றிக்கொள்ளும் வண்டியைப் பாருங்கள். அகலம் சிங்கிள் வண்டி அளவுதான் இருக்கும், மூத்தவன் நடக்கத் தொடங்கியதும் ஓர் இருக்கையைக் கழற்றிவிடலாம். ஆனால் வாங்கும்போது மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது இருக்கை, அதைப் பொருத்தும் அடாப்டர், மட்டமான தொட்டில், மழை உறை எல்லாம் தனித்தனியாக விற்கப்படுவதுண்டு. விலைச்சீட்டில் தெரிவது சில சமயம் வண்டியின் சட்டத்துக்கும் (கம்பிக்கூட்டுக்கும்) ஓர் இருக்கைக்கும் மட்டும்தான்.

எடை வரம்பைப் பார்க்க மறக்காதீர்கள். ஓர் இருக்கைக்கு 15 கிலோதான் என்றால், மூன்று வயது தாண்டி சில மாதங்களிலேயே உங்கள் மகன் அதைத் தொட்டுவிடுவான். 22 கிலோ வரை தாங்கும் வண்டிகளுக்கென்று இ.என். 1888-இன் இரண்டாம் பகுதி தனியாகவே இருக்கிறது. நீண்ட நாள் பயன்படுத்த நினைத்தால் அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. சின்னவனுக்கு இரண்டு மாதம். நல்ல சிங்கிள் ஸ்ட்ரோலர் ஒன்று வீட்டில் இருக்கிறது. டபுள் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் மகள் நன்றாக நடக்கிற வயது. அவளுக்குத் தேவைப்படுவது கால் வலிக்கிற கடைசிக் கால் மணி நேரத்துக்கு ஓர் இடம், அவ்வளவுதான். அதற்கு வண்டியின் பின்னால் மாட்டுகிற நிற்கும் பலகை போதும். சின்னச் சக்கரம் வைத்த பலகை, குழந்தை அதில் ஏறி நின்றுகொண்டு உங்கள் இரண்டு கைக்கும் நடுவில் வரும். பலகைக்கு எடை வரம்பு 20 கிலோவை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் பலகை மாட்டலாம் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதிக்காத வண்டியில் மாட்டிச் சட்டம் வளைந்தால் வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

மாட்டிய பிறகு நடந்து பாருங்கள். சில பலகைகளில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். கைப்பிடியை நீட்ட முடிகிற வண்டி என்றால் தொந்தரவு குறையும். ஒரு எச்சரிக்கை: சின்னவனை வண்டியில் இருந்து தூக்குவதற்கு முன் மகளைப் பலகையில் இருந்து இறக்கிவிடுங்கள். முன்பக்கம் காலியாகி, பின்னால் 14 கிலோ நின்றால் வண்டி பின்பக்கமாகச் சாயும். கைப்பிடியில் பை தொங்கினால் இன்னும் எளிதாகச் சாயும். எந்த ஸ்ட்ரோலரிலும் கைப்பிடியில் பை மாட்டாதீர்கள், அடியில் இருக்கும் கூடைதான் அதற்கான இடம்.

முதல் சில மாதங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சின்னவன் உங்கள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் துணியில் அல்லது பேபி கேரியரில், மகள் வண்டியில். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுதான் பிடிக்கும், இரண்டு பேருமே அமைதியாக இருப்பார்கள். கட்டும்போது குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உச்சந்தலையில் நீங்கள் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடமாவது இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய டபுள் ஸ்ட்ரோலர் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. டபுள் வண்டியைப் பெரும்பாலான குடும்பங்கள் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்துவதில்லை, அதனால் நல்ல பழைய வண்டிகள் கிடைக்கவே செய்யும். ஆனால் துணியின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். துணியைத் துவைத்துவிடலாம், கீலையும் பிரேக்கையும் துவைத்துச் சரிசெய்ய முடியாது.

முதலில் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தேடுங்கள். மாடல் பெயர், எண், தயாரித்த தேதி அதில் இருக்கும். அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். இது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் வண்டிகளைச் சரிசெய்துகொள்ளும்படி அறிவித்தது. வண்டியை விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் விரல் மாட்டி, 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. அந்தப் பட்டியலில் இரட்டை வண்டிகளும் இருந்தன. கீலை மூடும் உறையை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அப்படிப்பட்ட பழைய வண்டி உறை மாட்டாமலே கை மாறி உங்களிடம் வந்து சேரலாம். எந்த வண்டியாக இருந்தாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். இரண்டு வயதுக் குழந்தை உதவி செய்கிறேன் என்று ஓடிவந்து பிடிப்பது சரியாகக் கீல் இருக்கும் இடத்தைத்தான்.

அப்புறம் வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி, இரண்டு இருக்கையிலும் எடை வைத்து, பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். ஒரு சக்கரம் பிடித்து இன்னொன்று நழுவினால் விட்டுவிடுங்கள். பெல்ட் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து முனையும் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பெல்ட் நிறம் வெளுத்து முறுக்கேறியிருக்கும், அதை நம்ப வேண்டாம். விரித்து நிறுத்திய வண்டியின் சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு, ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். காற்றடிக்கும் சக்கரம் என்றால் டியூப் இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: டபுள் ஸ்ட்ரோலரில் கார் சீட்டையே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். குழந்தை தூங்கினால் அப்படியே விட்டுவிடலாமா? வெயிலுக்கு மேலே மெல்லிய துணி போர்த்தலாமா?

பதில்: காரில் இருந்து இறக்கி உள்ளே போகிற வரைக்கும் சரி. நீண்ட தூக்கத்துக்குக் கார் சீட் இடமில்லை, முதல் பதிலில் சொன்ன அதே காரணம்தான்: தலை கவிழ்ந்து மூச்சு தடைபடும். சேர வேண்டிய இடம் வந்ததும் குழந்தையை மட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். தூக்கம் கலைந்துவிடுமே என்று கவலையாக இருக்கும், கலைந்தாலும் பரவாயில்லை.

துணி வேண்டவே வேண்டாம். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. கூரையை முன்னால் இழுத்துவிடுங்கள், வண்டிக்கென்று விற்கும் குடையைச் சட்டத்தில் மாட்டுங்கள், வண்டியை நிழலில் நிறுத்துங்கள். அவ்வப்போது குழந்தையின் பின்கழுத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சூடாக, பிசுபிசுவென்று இருந்தால் உடனே வெளியே தூக்கி ஓர் உடுப்பைக் கழற்றிவிடுங்கள்.