கூம்பில் இடித்தால் இரண்டு நொடி, கம்பத்தில் இடித்தால்?

ஆட்டோகிராஸ் (கூம்புகள் வைத்த பாதையில் ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் காப்பீடு பற்றியவை. ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அலுவலகம் போகும் அதே காரில்தான் ஆட்டோகிராஸும் ஓட்டுகிறேன். காலி மைதானத்தில் ரப்பர் கூம்பு வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். இது ரேஸே இல்லை, அதனால் கார் பாலிசி செல்லும் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: ரேஸ் இல்லை என்பது சரி. அதனால் பாலிசி செல்லும் என்பதுதான் இடிக்கிறது. பாலிசி எழுதியவர்கள் 'பந்தயம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதில்லை. இந்தியாவில் எடுத்த தனியார் கார் பாலிசி என்றால், காரை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று வரம்பு சொல்லும் பகுதியைத் தேடுங்கள். வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது என்று ஆரம்பித்து, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைப் பார்க்கும் போட்டி என வரிசையாக விலக்கியிருப்பார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை நேரம் எடுத்துப் பட்டியல் போடும் ஒரு நிகழ்ச்சியை 'வேகச் சோதனை' என்று வாதாட எந்த வக்கீலுக்கும் பெரிய சிரமம் இருக்காது. இது சொந்தக் கார் சேதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு (2019 திருத்தத்துக்கு முன் 149), மூன்றாம் நபர் இழப்பீட்டு வழக்கிலேயே 'பந்தயம், வேகச் சோதனைக்குப் பயன்படுத்தினார்' என்பதைத் தற்காப்பாகச் சொல்ல நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டி ராலிக்கென்று ஓர் இணைப்பு வாங்கலாம், 31-ம் எண் இணைப்பு (எண்டார்ஸ்மென்ட்) என்பார்கள். அதைப் படித்துப் பார்த்தால் அதிலும் பந்தயமும் வேகச் சோதனையும் வெளியேதான் நிற்கின்றன, காருக்குள் இருப்பவர்களின் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறது.

அமெரிக்காவில் பல பாலிசிகளுக்கு அடிப்படையான மாதிரி வாசகம் வேறு மாதிரி. 'பந்தயத்துக்கென்று அமைக்கப்பட்ட இடத்துக்குள்' போட்டிக்காகவோ அதற்கான பயிற்சிக்காகவோ இருக்கும் வண்டிக்குப் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். அதே கூம்பு, அதே கார், அதே வேகம். கடை வளாகத்தின் பார்க்கிங்கில் ஓட்டினால் ஒரு கதை, ரேஸ் டிராக்கின் பின்பக்க மைதானத்தில் ஓட்டினால் வேறு கதை. உங்கள் நண்பர்கள் எங்கேயோ படித்தது இந்த வாசகமாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்டிலும் எல்லா நிறுவனமும் இதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. 'நேரம் கணக்கிடப்படும் எந்த நிகழ்ச்சியும்', 'வேகமாக ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி' என்று சேர்த்துக்கொண்டவை உண்டு, அப்படிச் சேர்த்திருந்தால் பார்க்கிங் மைதானமும் காப்பாற்றாது. புதுப்பிக்கும்போது வாசகம் மாறியிருக்கலாம் என்பதால் போன வருடம் படித்த பாலிசியை நம்பியும் பயனில்லை. ஆக, நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனீர்கள் என்பதை விட, உங்கள் கையில் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் க்ளெய்மை முடிவு செய்யும்.

கேள்வி: மோதினால் 'வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது' என்று சொல்லிவிடலாம் என்கிறார் ஒரு சீனியர். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: சுலபமாக. கதவில் ஒட்டிய எண்ணை உரித்த தடம், பம்பரில் ஆரஞ்சு நிறக் கூம்பின் தேய்ப்பு, உங்கள் பெயரும் நேரமும் போட்ட முடிவுப் பட்டியல், யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. ஏர்பேக் வெடித்திருந்தால் கடைசிச் சில நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பல கார்கள் தாங்களாகவே பதிந்து வைத்திருக்கும். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர். பொய் வெளிப்பட்டால் அந்த க்ளெய்ம் போவதோடு நிற்காது, மோசடி வழக்குக்கும் இடம் உண்டு, அடுத்த நிறுவனத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது 'முன்பு க்ளெய்ம் மறுக்கப்பட்டதா' என்ற கேள்வியும் காத்திருக்கும். சீனியரிடம் கியர் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள், இதை வேண்டாம்.

நிகழ்ச்சிக்குப் போகும் வழியும் வரும் வழியும் சாதாரணப் பயணம்தான், அதற்குப் பாலிசி வழக்கம்போலச் செல்லும். சஸ்பென்ஷன், எஞ்சின் என்று எதையாவது மாற்றியிருந்து அதை நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் அங்கேயும் சிக்கல் வரும்.

கேள்வி: காலையில் வாசலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். நிகழ்ச்சிக்கே காப்பீடு இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அப்புறம் எனக்கு எதற்குத் தனியாக?

பதில்: அந்தக் காப்பீடு யாருக்காக என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அது ஏற்பாட்டாளருக்கும் இடத்தின் உரிமையாளருக்கும் எதிராக வரும் கோரிக்கைகளுக்கு. கார் பாதை தவறி வேடிக்கை பார்ப்பவர் மீது போனாலோ, விளக்குக் கம்பத்தைச் சாய்த்தாலோ அது வேலை செய்யும். ஓட்டுபவரின் மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு தொகை சேர்த்திருக்கலாம், அதுவும் உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடு கொடுத்தது போக மீதிக்கு மட்டும் என்று இருக்கலாம். உங்கள் காரின் முன்பக்கம் நசுங்கினால் அதற்கு ஒன்றும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் கொண்டுவந்த வாகனக் காப்பீட்டு நெறிமுறை இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறது: எல்லை வகுத்த இடத்தில் நடக்கும் மோட்டார் விளையாட்டை நாடுகள் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கலாம், ஆனால் பார்வையாளர் உள்ளிட்ட பிறருக்கான இழப்பீட்டுக்கு ஏற்பாட்டாளர் மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பங்கேற்கும் ஓட்டுநரும் அவர் வண்டியும் அதில் அடங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

கையெழுத்துப் படிவம் வேறு விஷயம். அது நீங்கள் விட்டுக்கொடுப்பது. எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1977-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்ததிலிருந்தே, வணிகரீதியாக நடத்துபவர் தன் கவனக்குறைவால் வந்த மரணத்துக்கும் காயத்துக்கும் 'பொறுப்பில்லை' என்று எழுதி வாங்கித் தப்பிக்க முடியாது. வேறு பல இடங்களில் படிவத்தை நீதிமன்றம் மதிக்கும், அப்பட்டமான அலட்சியத்துக்கு மட்டும் விதிவிலக்கு. வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று படிக்காமல் போடாதீர்கள், முந்தைய நாளே பிரதி கேட்டு வாங்கிவிடலாம். கேட்டால் கொடுக்காத ஏற்பாட்டாளரிடம் நான் போக மாட்டேன்.

கேள்வி: நண்பனும் நானும் அவன் காரிலேயே மாறி மாறி ஓட்டுகிறோம். என் கையில் இருக்கும்போது ஏதாவது ஆனால்?

பதில்: ஆட்டோகிராஸில் இது சர்வசாதாரணம், சண்டை வருவதும் இங்கேதான். காருக்கு இருக்கும் காப்பீடு அதன் உரிமையாளர் எடுத்த பாலிசிதான். அவருக்கே செல்லாத இடத்தில் உங்களுக்கும் செல்லாது. கிளட்ச் எரிவது, கியர்பாக்ஸ் போவது, டயர் தேய்வது எல்லாம் மோதலே இல்லை, வழக்கமான கார் பாலிசி எதுவும் இதற்குப் பணம் தராது. கார் நிறுவனத்தின் வாரண்டியும் போட்டியில் ஓட்டியது தெரிந்தால் பெரும்பாலும் கழன்றுகொள்ளும். ஓட்டுவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: யார் ஓட்டும்போது உடைகிறதோ அவர் செலவா, பாதிப் பாதியா, கார் மொத்தமாகப் போனால் எவ்வளவு? அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி இருவரும் 'சரி' போட்டுவிடுங்கள். கார் நண்பனின் அப்பா பெயரில் இருந்தால் அவருக்குத் தெரியுமா என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. அவையாவது செல்லுமா?

பதில்: இங்கே கொஞ்சம் நல்ல செய்தி. இந்தியாவில் மருத்துவ பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலில் ஒன்பதாவது, சாகச விளையாட்டு. மோட்டார் பந்தயத்தின் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் 'தொழில்முறை வீரராகப் பங்கேற்றதால்' வரும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. வார இறுதியில் ஆசைக்கு ஓட்டுபவர் தொழில்முறை வீரர் இல்லை. தனிநபர் விபத்து பாலிசி அப்படி இல்லை, பலவற்றில் பந்தயம் என்றாலே வெளியே, அமெச்சூராக இருந்தாலும். ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பத்தில் 'ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா' என்று கேட்டிருப்பார்கள். கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கொஞ்சம் பிரீமியம் ஏறலாம். சொல்லாமல் விட்டால் நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டார் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அலைவார்கள்.

கேள்வி: உண்மையில் இது அவ்வளவு ஆபத்தா? இல்லை, வீணாகப் பயமுறுத்துகிறீர்களா?

பதில்: மோட்டார் விளையாட்டுகளில் சாதுவானது இதுதான். கூம்பில் இடித்தால் அமெரிக்க விதிப்படி உங்கள் நேரத்தோடு இரண்டு நொடி தண்டனையாகச் சேரும், அவ்வளவே. ஆபத்து வேறு இடங்களிலிருந்து வருகிறது. உயரமான, அகலம் குறைந்த வண்டி, தரையோடு நன்றாக ஒட்டும் டயரோடு திரும்பினால் கவிழலாம்; அதனால்தான் பல கிளப்புகள் அத்தகைய வண்டிகளைச் சேர்ப்பதில்லை. பாதையின் ஓரத்தில் நடைமேடைக் கல் இருந்தால் வழுக்கிப் போகிற சக்கரம் பக்கவாட்டில் அதில் அடிக்கும், சஸ்பென்ஷன் போய்விடும். விழுந்த கூம்பை எடுத்து வைக்க ஓடுபவர்கள்தான் நிஜமாகவே பாதுகாப்பில்லாமல் நிற்பவர்கள்; அந்த வேலை உங்கள் முறைக்கு வந்தால் ஓடும் காருக்கு முதுகைக் காட்டாதீர்கள், போனைப் பையில் வையுங்கள்.

காலையில் வண்டியைச் சோதிக்கும்போது பார்ப்பவை அற்பமாகத் தெரியும்: சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, பிரேக் மிதி கெட்டியாக நிற்கிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் திரும்புகிறதா. நான் கூடுதலாகப் பார்க்கச் சொல்வது ஓட்டுநரின் காலடி. தனியாகக் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் முதல் திருப்பத்திலேயே முன்னால் வந்து பிரேக் மிதிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும், பின்னர் எவ்வளவு மிதித்தாலும் பாட்டில்தான் நசுங்கும். ஹெல்மெட் விஷயத்தில், ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை கார் ஓட்டுபவர்களுக்கானது, உள்துணி தீப்பற்றாமல் இருக்கிறதா என்றும் சோதித்திருப்பார்கள். எம் முத்திரை பைக்குக்கு. ஆட்டோகிராஸில் பல இடங்களில் இரண்டையும் ஏற்கிறார்கள். பிற்பாடு டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே எஸ்ஏ வாங்குவது மேல்.

கேள்வி: ஒரு நாளுக்கு மட்டும் தனி பாலிசி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: டிராக்கில் ஓட்டிப் பழகும் நாட்களுக்கென்று சில நாடுகளில் விற்கிறார்கள். காரின் மதிப்பை முன்பே பேசி வைத்துவிடுவார்கள், சேதம் வந்தால் அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை நீங்கள் சுமக்க வேண்டும். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: இவற்றில் பல, நேரம் எடுக்கும் போட்டிக்குச் செல்லாது. ஆட்டோகிராஸ் என்பதே நேரம் எடுக்கும் போட்டி. விலையுயர்ந்த கார், கடன் பாக்கி வேறு இருக்கிறது, போட்டிக்கும் செல்லும் என்று எழுதித் தருகிறார்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய காரில் ஓட்டுவதைத்தான் நான் சொல்வேன். தவணை முடியாத காரில் எந்தக் காப்பீடும் இல்லாமல் போவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: நிறுவனத்திடம் என்ன கேட்பது? ஏஜெண்ட் போனில் 'ஒன்றும் பிரச்சினை வராது' என்கிறார்.

பதில்: அவர் போனில் சொன்னதை க்ளெய்ம் துறை கேட்கப்போவதில்லை. நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், இப்படி: 'எனது பாலிசி எண் இது. இந்தத் தேதியில், இந்த இடத்தில், மூடிய மைதானத்தில் கூம்புகள் வைத்து ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஓடும், நேரம் கணக்கிடப்படும் நிகழ்ச்சியில் பங்கேற்க விரும்புகிறேன். அப்போது என் காருக்கு ஏற்படும் சேதமும் பிறருக்கு ஏற்படும் சேதமும் இந்தப் பாலிசியில் அடங்குமா? அடங்காது என்றால் எந்த வாசகத்தின்படி? கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா?' ஓட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 'அடங்காது' என்றே கணக்கில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.