படித்தது தேர்வறையில் ஏன் மறக்கிறது? – கேள்வி பதில்

அறிவியல் பாடத்தை மூன்று முறை வாசித்துவிட்டேன் ஐயா. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை. (பத்தாம் வகுப்பு மாணவி)

மூன்று முறை வாசித்தாய், சரி. ஒரு முறையாவது புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தாயா, அம்மா? வாசிக்க வாசிக்க வரிகள் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே ‘தெரியும்’ என்று மனம் எண்ணிக்கொள்ளும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் இதயத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறி. ஈரிதழ் வால்வு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கை தயங்குகிறதா? அங்கேதான் உனக்குப் பாடம் பாக்கி இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து, இடப்பக்கம் என்று பார்த்துக்கொண்டு மூடிவிடு. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரை.

மகனுக்கு வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? இரவு இரண்டு மணி வரை படிக்கிறான். (ஒரு தாய்)

வல்லாரைத் துவையல் சோற்றுக்கு அருமையாக இருக்கும், செய்து கொடுங்கள். மாத்திரையை நம்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். எனக்குக் கவலை அந்த இரண்டு மணிதான். பகலில் படித்தது தூக்கத்தில்தான் மூளையில் உறுதிப்படுகிறது. பதினொரு மணிக்கு முன்பே விளக்கை அணையுங்கள். பிள்ளை முறைத்தால் முறைக்கட்டும்.

தேர்வறையில் கை நடுங்குகிறது, தெரிந்த விடையும் வருவதில்லை. (கல்லூரி மாணவர்)

தம்பி, பதற்றத்தில் கார்டிசால் என்னும் சுரப்பு கூடும். அது மிகும்போது, படித்தது உள்ளே இருந்தாலும் சட்டென்று எடுக்க வராது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக நான்கைந்து முறை மூச்சை இழுத்து விடுங்கள். அந்த வினாவுக்கு இடம் விட்டு, நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதத் தொடங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போனது பல நேரம் தானாக வரும். ஒவ்வொரு தேர்விலும் இப்படித்தான், முந்தின இரவே சோறு இறங்கவில்லை என்றால், தயங்காமல் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

தேர்வறை வாசலில் கடைசி நிமிடம் வரை கைடைப் புரட்டலாமா?

சூத்திரங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் தொட வேண்டாம். “அந்தப் பாடம் படித்தாயா?” என்று கேட்டுக் கலங்கடிக்கும் நண்பனிடமிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள்.