பதில்: பணம் கட்டிய கையடக்க விளையாட்டுக் கருவி இன்னும் வரவில்லை

வணக்கம். வெளிநாட்டுச் சிறு குழுவொன்று செய்யும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு முழுப் பணத்தையும் வங்கி அட்டையால் செலுத்திவிட்டு, அனுப்பும் திகதி மூன்று தடவை தள்ளிப்போன பின்னரும் கல்முனையிலிருந்து காத்திருப்பதா, பணத்தைத் திருப்பிக் கேட்பதா என்று எழுதியிருந்தீர்கள்.

தாமதத்தை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. 2021 இல் அமெரிக்காவின் பேனிக் நிறுவனம் பிளேடேட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு முன்பதிவைத் திறந்தபோது 20,000 கருவிகள் இருபது நிமிடத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆனால் செய்து முடித்த முதல் 5,000 கருவிகளில் மின்கலக் கோளாறு தெரியவந்ததால், அவற்றை மலேசியத் தொழிற்சாலைக்கே திருப்பியனுப்பி, வேறு மின்கலம் பொருத்தி, 2022 ஏப்ரலில்தான் வாங்கியவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எந்தப் பாகம் பழுது, எத்தனை கருவி, அடுத்து என்ன என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னார்கள். உங்களுக்கு வந்த மூன்று அறிவித்தல்களிலும் அப்படியொரு விபரமும் இல்லையென்றால், எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

எதைத் தீர்மானித்தாலும், அட்டைக் கொடுப்பனவை மறுத்து முறையிடுவதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், அது எப்போது முடிகிறது என்று உங்கள் வங்கிக் கிளையில் இந்த வாரமே கேளுங்கள். விற்பவருக்கும் திகதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு வங்கியில் சான்றாக நிற்காது.

காத்திருப்பதானால் முகவரியில் உங்கள் கைபேசி இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மட்டக்களப்புக்கு நான் தருவித்த சிறிய வானொலியொன்று, அந்த இலக்கம் இல்லாததால், பதினொரு மாதத் தாமதத்துக்கு மேலாகக் கொழும்பில் இன்னும் மூன்று கிழமை கிடந்தது.